தார் எழுத்து

"பெயிண்டை அடிச்சு மறைச்சுட்டுப் போகாம, இதப் போயி இந்தத் தேய்ப்புத் தேய்க்கிறியே தாயி!"

அடுத்த வீட்டு மலையம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். அனுசுயா திரும்பவில்லை. தேங்காயெண்ணெயில் நனைத்த துணியால் கதவை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவில் யாரோ தாரால் பெரிதாக எழுதியிருந்தார்கள்: 'சூனியக்காரி'.

"மறைச்சாப் பத்தாதுக்கா. போகணும்."

"தாரு எங்கயாச்சும் போகுமா?"

"எண்ணெயில ஊறுனா இளகும். அப்புறம் சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தேச்சா வந்துரும்."

காரைக்குடியின் அந்தத் தெருவுக்குள் அனுசுயா காலெடுத்து வைத்தது அன்று காலையில்தான். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டை அவள் திறந்ததும், தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. கிட்டே வந்து பேசியவள் மலையம்மாள் ஒருத்திதான்.

"சாவி யாரு குடுத்தா? சிங்கப்பூருல இருக்கானே மருதுபாண்டி, அவனா?"

"அவருதான்க்கா."

"வீட்டப் பத்தி உங்கிட்ட ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டானே!"

"நீங்க சொல்லுங்கக்கா, கேக்குறேன்."

மலையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அவன் ஆத்தா சின்னத்தாயி இங்கதான் இருந்தா. மூலைக்கு மூலை உப்பு வைப்பா. பொழுது சாஞ்சா வேப்பிலையப் போட்டுப் புகையக் கெளப்புவா. எலுமிச்சந்தோலையும் வெல்லத்தையும் தண்ணியில போட்டு பாட்டில்ல அடைச்சு வைப்பா. அது ஒரு நா டப்புன்னு வெடிச்சு, மூடி எங்க முத்தத்துல வந்து விழுந்துச்சு. கொரோனா வந்தப்ப, இத ஊத்தி வாசலக் கழுவுன்னு எனக்கும் ஒரு பாட்டில் குடுத்தா. நானும் கழுவுனேன். அந்த வாரமே எங்க வீட்டுக்காரக போய்ச் சேந்துட்டாக."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. அனுசுயாவின் கை நின்றது.

"ஆசுபத்திரிக்குப் போனீகளாக்கா?"

"போயி என்ன? மொகத்தக்கூடக் காட்டல." மூக்கைச் சிந்தினாள். "அதுக்கப்புறம் தெரு சும்மா விடுமா? கல்லெறிஞ்சாக. கதவுல எழுதுனாக. ராவோட ராவா ஓடிட்டா. ஆத்தாளும் மகனும் அப்புறம் இங்குட்டு எட்டியே பாக்கல."

அனுசுயா, எண்ணெய் ஊறட்டும் என்று துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. பழுப்பு நிறத் தண்ணீர். அடியில் கறுத்துப்போன எலுமிச்சந்தோல்.

"ஐயோ, தொடாத! இதான் அது!"

அனுசுயா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "புளிச்ச வாடைதான்க்கா வருது." அப்படியே வாளித் தண்ணீரில் கொட்டினாள். மாப்பை முக்கி, கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் துடைத்தாள். தூசி அப்பிக் கிடந்த தரையில் பூக்கோலம் போட்ட கல் ஒவ்வொன்றாய் நிறம் காட்டியது. மலையம்மாள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

"தரை பளிச்சுன்னுதான் இருக்கு. ஆனாலும் கழிப்புக் கழிக்காமக் குடி வந்துராத தாயி."

"கழிச்சுருவோம்க்கா. நீங்களே உள்ள வந்து செய்யுங்க."

"நானா?"

"உங்க மனசுல ஒரு பொட்டுப் பயங்கூட மிச்சம் இருக்கக் கூடாது. வாங்கக்கா."

மலையம்மாள் தயங்கினாள். பிறகு தன் வீட்டுக்குப் போய்க் கல்லுப்பும் வேப்பிலையும் வெண்கடுகும் எடுத்துக்கொண்டு வந்தாள். குலசாமியைக் கும்பிட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். மூலைக்கு மூலை உப்பு வைத்தாள். வேப்பிலையையும் வெண்கடுகையும் போட்டு வீடு முழுக்கப் புகை காட்டினாள்.

"அவுகளும் இதத்தானேக்கா செஞ்சாக?"

"அவ செஞ்சது வேற. இது வேற," என்று இருமிக்கொண்டே சொன்னாள் மலையம்மாள்.

அனுசுயா மறுபடி கதவுக்கு வந்தாள். சாம்பலும் சீயக்காயும் தேங்காய் நாருமாக உட்கார்ந்தாள். விரல் நுனி சிவந்து தோல் உரிந்தது. ஒவ்வோர் எழுத்தாகக் கரைந்தது. கடைசி எழுத்து மட்டும் போவேனா என்றது.

"விட்டுரு தாயி. ஒத்த எழுத்துத்தானே? யாருக்குப் புரியப் போகுது?"

"இதப் படிச்சவுகளுக்கு மறக்காதுக்கா."

மலையம்மாள் அவளையே பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு நாரை எடுத்தாள். இரண்டு பேரும் மூச்சு வாங்கத் தேய்த்தார்கள். உச்சி வெயில் வாசலில் இறங்கிய நேரத்தில் கதவில் வெறும் மரம்தான் இருந்தது.

"பிடிவாதக்காரிதான் நீயி," என்று சிரித்தாள் மலையம்மாள். "எப்பக் குடி வாரீக?"

"இன்னைக்கேதான். எங்க மாமியா வந்துக்கிட்டிருக்காக. குடி வர்றப்ப இந்த வாசல்ல அவுகதான் மொதல்ல கால் வைக்கணும்."

"மாமியாள மொதல்ல விடுற மருமகளா! உங்க ரெண்டு பேரு மேலயும் கண்ணு பட்டுறக் கூடாது. இரு, நானே சுத்திப் போடுறேன்."

அவள் ஓடிப்போய் உப்பும் மிளகாயும் அள்ளிக்கொண்டு வரவும் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அனுசுயா உள்ளே கை நீட்டினாள்.

"பாத்து எறங்குங்கத்தை. எழுத்து பூராம் போயிருச்சு. மலையம்மாக்காவும் சேந்துதான் தேச்சாக. உங்களுக்குச் சுத்திப் போடவும் அவுகதான் நிக்கிறாக."

மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டு வாசலில் இறங்கினாள் சின்னத்தாயி.