அணி மாறிய பேச்சாளர்

"சூரியனுக்கு ரெகுலேட்டர் எந்தக் கடையில விக்குதுன்னு எதிரணி சொல்லட்டும். நானே வாங்கிட்டு வந்து குறைச்சு வைக்கிறேன்!"

மேடையில் வெங்கடேஷ்பாபு இப்படிச் சொன்னதும் சோழவந்தான் திருவிழாக் கூட்டம் குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் வெற்றிலை விவசாயி மருது மட்டும் சிரிக்கவில்லை.

வெங்கடேஷ்பாபுவுக்கு அது செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது.

பட்டிமன்றத் தலைப்பு, 'வெயில் இப்படிக் கொளுத்தக் காரணம் மனிதனா, இயற்கையா?' அவருக்கு இயற்கை அணி. தோற்கப்போகிற அணிக்குத்தான் எப்போதும் நகைச்சுவைப் பேச்சாளரைப் போடுவார்கள். சாவுக்கும் கொட்டு வேண்டுமில்லையா.

மேடை ஏறுமுன் மருது வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கோடையில் ஊரில் பாதி வெற்றிலைக் கொடிக்கால் கருகிப்போனது. மருதுவினுடையதும் போனது. காய்ச்சலில் ஒருநாள் தண்ணீர் பாய்ச்சாமல் விட்டதால்தான் போனது என்று மனிதர் சோறு இறங்காமல் கிடக்கிறாராம். தோட்டத்துப் பக்கமே போவதில்லையாம்.

"யாரு தப்புன்னு இன்னைக்கு முடிவாயிரும்லண்ணே?"

அதற்குமேல் வெங்கடேஷ்பாபு சும்மா பேசுவாரா? வரிந்துகட்டிப் பேசினார். "மனுசன் மேல ஒரு தப்பும் இல்ல!" என்று முடித்தபோது மருதுவின் தலை முதன்முதலாக நிமிர்ந்தது. பேசியதில் ஒரு வரியைக்கூடத் தான் நம்பவில்லை என்பதை மறந்து, வெங்கடேஷ்பாபு பெருமையாக உட்கார்ந்தார்.

அடுத்து எதிரணிப் பேராசிரியை வசுந்தரா எழுந்தார். நிலக்கரிப் புகை, பெட்ரோல் புகை, வருடத்துக்கு வருடம் ஏறும் சூடு.

"உலக விஞ்ஞானிகள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். குற்றவாளி மனிதன்!"

அவ்வளவும் உண்மை. மருதுவின் தலை மறுபடி தொங்கியது.

நடுவர் தொண்டையைச் செருமினார். தீர்ப்பு என்னவென்று மைக்செட்காரருக்கே தெரியும்.

வெங்கடேஷ்பாபு பாய்ந்து மைக்கைப் பிடித்தார். அரசியலில் கட்சி மாறலாம். பட்டிமன்றத்தில் அணி மாறினால் அடுத்த மேடை கிடையாது.

"அம்மா சொன்னதுதான் நெசம். மனுசன்தான் காரணம். ஆனா எந்த மனுசன்? மதுரையிலருந்து ஆளுக்கொரு கார்ல ஏசியப் போட்டுக்கிட்டு வந்து எறங்குனோமே, எங்களமாதிரி ஆளுக. நாடு நாடா, தலைமுறை தலைமுறையா விட்ட புகை. முறை தவறாமத் தண்ணி பாய்ச்சுனவுக கொடியும் சேந்துதான கருகுச்சு? அம்புட்டுப் பேரு பாவத்தையும், காய்ச்சல்ல படுத்த ஒத்த மனுசன் சுமக்கணுமா?"

ஒருத்தரும் கைதட்டவில்லை. நடுவர் பார்த்த பார்வையில் அடுத்த மாத மேடைகள் ஆவியாவது தெரிந்தது.

மருது துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

எல்லாம் முடிந்து வெங்கடேஷ்பாபு காரில் ஏறப்போகையில் மருதுவின் மனைவி பாண்டிச்செல்வி மூச்சிரைக்க ஓடிவந்தார். சற்றுத் தள்ளி மருது, மறுபடி நட விதைக்கொடி எங்கே கிடைக்கும் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

"வருசா வருசம் கணவனா மனைவியான்னுதாண்ணே தலைப்பு வப்பாக. இந்தத் தடவை கமிட்டியில சண்டை போட்டு நான்தான் இதை வைக்கச் சொன்னேன்."

"எதுக்கும்மா?"

"உங்க தப்பில்லன்னு வீட்டுல நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேங்கிறாரு. மைக்குல சொன்னா நம்புவாருல்ல."