உத்தரவு கேட்காத சாவு

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அந்த வீட்டுச் செவலை நாயைக் காலையில்தான் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"யாரு வெட்டுனா?" என்று பூனையைக் கேட்டது.

"யாரும் வெட்டல. வயசாகிச் செத்துருச்சு."

"எந்தச் சாமிக்கு?"

"சாமிக்கெல்லாம் இல்லப்பா. பல்லு போச்சு, காது போச்சு, பின்னங்காலும் மடங்கிருச்சு. நேத்து கஞ்சி வேண்டாம்னு படுத்துச்சு, அப்புறம் எந்திரிக்கல."

"தண்ணி ஊத்தி உத்தரவு கேட்டாங்களா?"

"அதெல்லாம் யாரு கேக்குறா?"

கிடாவுக்கு மனசே ஆறவில்லை. அதன் இனத்தில் அப்படிக் கிடையாது. தலையில் மஞ்சள்தண்ணி ஊற்றிவிட்டு ஊரே காத்திருக்கும். கிடா உடம்பைச் சிலுப்பி உத்தரவு கொடுத்தால்தான் அரிவாள் இறங்கும். ஒரு வார்த்தை கேட்காமல் பல்லையும் காதையும் காலையும் பிடுங்கி, கடைசியில் உயிரையும் கொண்டுபோன பாவி யார்?

"எங்கிட்டன்னா கேப்பாங்க. நான் சிலுப்பவே மாட்டேன்," என்றது பூனையிடம்.

ஆடி வெள்ளியன்று மாலையும் கழுத்துமாக நின்ற கிடாவின் மேல் மஞ்சள் கரைத்த கிணற்றுத் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்த்தார்கள். அசையக் கூடாது என்று அது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

உடம்புதான், அதனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சிலிர்த்துக்கொண்டது.