செல்ஃப் எடுக்காத வான்

"இஞ்சருங்கோ, இந்தத் தகரப் பெட்டியை வித்துத் துலையுங்கோ. இல்லாட்டி நாளைக்கு நான் பூசைக்கு நடந்து போறன்."

புனிதம் இப்படிச் சொல்வது முதல் தடவை அல்ல. ஆனால் இந்தச் சனிக்கிழமை அழுகையும் சேர்ந்து வந்தது.

மகள் ஆன்சலாவைப் பார்க்க நாளைக்கு மன்னாரில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எல்லோரும் ஒன்றாகப் பூசைக்குப் போவதாக ஏற்பாடு. போவது எதில்? வாசலில் நிற்கிற டொல்பின் வானில். அது ஆன்சலாவை விட ஒன்பது வயது மூத்தது.

"வானுக்கு இப்ப என்ன குறை?" என்றார் புருசன் ஸ்ரீபன்.

"செல்ஃப் எடுக்குதில்லை. ரெண்டு வருசமா ஞாயிறுக்கு ஞாயிறு ஆள் கூப்பிட்டுத் தள்ளித்தான் ஸ்டார்ட் ஆக்கிறம். அது குறை இல்லையோ?"

"தள்ளினா உடனை பிடிக்குதுதானே. டீசல் எஞ்சின் எண்டா அப்பிடி. புதுக் கார் வைச்சிருக்கிற ஆரையும் அதை எங்கட கடற்கரை மணலுக்குள்ளை இறக்கிக் காட்டச் சொல்லும், பாப்பம்!"

வானைப் பற்றி ஒரு சொல் அவருக்குப் பொறுக்காது. கலியாணம், செத்தவீடு, பிள்ளைப்பேறு, மீன் பெட்டி, மாரி வெள்ளம் எல்லாம் கண்ட வான். விலைக்குக் கேட்டு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார். இவ்வளவு அருமையான வானுக்கு ஒரு செல்ஃப் திருத்த மட்டும் கை வராத கஞ்சன் என்று புனிதம் மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

தள்ள வருகிறவர்கள் இரண்டு பேர். வலப்பக்கத்து வீட்டு றொனால்ட், இடப்பக்கத்து வீட்டு அனிஸ்ரன். கூடப்பிறந்த அண்ணன் தம்பி. தகப்பன் செத்த பிறகு, அவர் கரைவலை வளைத்த இடம் யாருக்கு என்று சண்டை பிடித்து, மூன்று வருசமாக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

ஆனால் ஸ்ரீபன் கூப்பிட்டால் இரண்டு பேரும் வருவார்கள். கரைவலைக்காரருக்கு வலை இழுக்கிற அம்பாப் பாட்டு இல்லாமல் பாரமான எதையும் அசைக்க வராது. தமையன் "ஏலேலோ" என்பான், தம்பி "ஏலோ" என்று திருப்பிச் சொல்வான். வான் ஸ்டார்ட் வந்ததும் ஆளுக்கொரு படலையால் உள்ளே போய்விடுவார்கள்.

அன்று பின்னேரம் ஸ்ரீபன் கடற்கரைப் பக்கம் போன நேரம் பார்த்து, புனிதம் மெக்கானிக் நிரோஜனைக் கூப்பிட்டாள். அவன் வானுக்குக் கீழே படுத்தான், அரை நிமிசத்தில் எழும்பினான்.

"அக்கா, பழுதொண்டும் இல்லை. செல்ஃபுக்குப் போற வயர் கழண்டு கிடந்தது. பூட்டிவிட்டிருக்கிறன்."

சாவியைத் திருப்பினான். அயலெல்லாம் கேட்கிற மாதிரி வான் உறுமியது.

"என்ன எஞ்சின் அக்கா இது! விக்கிறதெண்டா முதல் எனக்குச் சொல்லுங்கோ."

புனிதத்துக்கு வயிறு குளிர்ந்தது. புருசனிடம் மூச்சு விடவில்லை.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வீட்டார் வந்து வானில் ஏறினார்கள். மாப்பிள்ளையின் தாய்க்கு முன் சீற். ஸ்ரீபன் சாவியைத் திருப்பினார்.

வான் பேசாமல் நின்றது.

"றொனால்ட்! அனிஸ்ரன்! ஒருக்கா ஓடி வாங்கோடா!"

புனிதத்துக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மாப்பிள்ளைப் பொடியன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தானும் இறங்கிப் பின்னால் போனான்.

"ஏலேலோ!"

"ஏலோ!"

ஸ்ரீபன் இரண்டாம் கியரில் கிளச்சை விட்டார். வான் கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை அதற்குப் பிறகு வெள்ளையாக இல்லை. ஆன்சலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையின் தாய் சிரிக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, "யோசிச்சுச் சொல்லுறம்," என்றார் அந்த அம்மா.

அவர்கள் போனதும் புனிதம் வெடித்தாள்.

"நேற்று நிரோஜன் வயர் பூட்டினதை என்ர கண்ணால கண்டனான். நீங்கள்தான் திரும்பவும் கழட்டியிருக்கிறியள். உங்கட விளையாட்டில பிள்ளையின்ர சம்பந்தமெல்லோ குழம்பப் போகுது!"

ஸ்ரீபன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"நான் கழட்டேல்லை. முந்தி நானும் நாலு தரம் பூட்டினனான். பூட்டப் பூட்டக் கழண்டு கிடக்கும். ஒருநாள் பாத்தால், அனிஸ்ரன் கீழ படுத்துக் கழட்டிக்கொண்டிருக்கிறான். நான் கண்டது அவனுக்குத் தெரியாது."

"அவனுக்கேன் இந்தக் கெட்ட வேலை?"

"தமையன்ர குரலைக் கேக்க அவனுக்கு வேறை எங்கை இடம் இருக்கு? கிழமையில ஒருக்கா அவன் ஏலேலோ எண்டுறான், இவன் ஏலோ எண்டுறான். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை. அதுக்குப் பிறகு நான் பூட்டுறேல்லை. உம்மட்டைச் சொல்லியிருக்க வேணும், பிழைதான்."

புனிதத்தின் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனால் மீதிப் பாதி கணக்குப் பார்த்தது.

"புளுகாதேங்கோ. அனிஸ்ரன் வெள்ளிக்கிழமை வவுனியாவுக்குப் போனவன். இண்டைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தாப் பிறகுதானே பஸ்ஸால வந்து இறங்கினவன்? அப்ப நேற்றுக் கழட்டினது ஆர்?"

"ஓம், நேற்றுப் பொழுதுபடேக்கை நான் குசினி யன்னலால பாத்தனான்," என்றார் ஸ்ரீபன். "நேற்றுக் கழட்டினது றொனால்ட்."