துரையின் குறி

சுட்டு முடிந்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைத் துடைத்து, மறுபடி மருந்தும் குண்டும் அளந்து நிரப்ப வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான், தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் வேலை பார்க்கும் லோரன்ஸ். காலடியில் அவன் வீட்டு நாய் கறுப்பி தூங்கியது.

"நம்ம லயத்து வீட்டு நாய்ங்கள சுடணும்னு துரை சொன்னா, நீங்களே தோட்டா நிரப்பிக் குடுப்பீங்களா? நம்ம கறுப்பியையும்தானே சுடுவாரு?" என்றாள் மனைவி மெரினா.

"அளவு பிசகக் கூடாது புள்ள" என்றபடி அவன் கறுப்பியைத் தடவிக்கொடுத்தான்.

இது என்ன மனுசன் என்று மெரினாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் முழுக்க வெடிச்சத்தம். சாயங்காலம் கறுப்பி வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு நாயும் விழல. கண்ணாடி மாத்தணும்னு துரை கேகாலை டவுனுக்குப் போயிட்டாரு" என்றான் லோரன்ஸ்.

சந்தோஷத்தில் பாயாசம் வைக்கச் சவ்வரிசி டப்பாவைத் தூக்கினாள் மெரினா. கல்லு மாதிரி கனத்தது. திறந்து பார்த்தால் ஒரு சவ்வரிசிகூட இல்லை. நிறைய ஈயக் குண்டுகள்.