பன்னிரண்டாவது கிழங்கு

"என்னய்யா இது, பன்னெண்டு வாங்கிட்டு வந்திருக்க? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

மேசையில் கொட்டிய டியூலிப் கிழங்குகளை வெலிக்கா மறுபடியும் எண்ணினாள். பன்னிரண்டேதான். பூ விஷயத்தில் அந்த ஊரில் சின்னக் குழந்தைகூடக் கணக்கில் தவறாது. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை. இரட்டைப்படை கல்லறைக்கு.

அதுவும் இவை மகன் லூபெனுக்காக நடப்போகிறவை. சரக்குக் கப்பலில் மாலுமி அவன். வசந்தத்தில் வந்துவிடுவேன், என் சன்னலுக்குக் கீழே சிவப்பாகப் பூத்திருக்க வேண்டும் என்று ஆகஸ்டில் எழுதியிருந்தான். அதற்குப் பிறகு கடிதமே இல்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

"கடைக்காரி ஒண்ணு கூடப் போட்டுட்டா போல" என்றார் டோப்ரி, மனைவியின் முகத்தைப் பார்க்காமல். வார்னா துறைமுகத்துக்குப் பஸ்ஸில் போய்த் திரும்பியிருந்தார். கப்பல் ஆபீஸில் வழக்கம்போலத் தகவல் ஒன்றும் இல்லையாம்.

வெலிக்கா ஒரு கிழங்கைக் குப்பைக்குழியில் விட்டெறிந்தாள். மீதியைச் சன்னலுக்குக் கீழே தன் கையாலேயே வரிசையாக நட்டாள். பக்கத்து வீட்டு ரூஸ்கா வேலியோரம் வேடிக்கை பார்த்தாள். அவளுக்கும் கேட்கும்படி வெலிக்கா உரக்க எண்ணினாள். பதினொன்று.

பனி விழத் தொடங்கியது. டோப்ரி வார்னா போவதையே விட்டுவிட்டார். கேட்டால் முழங்கால் வலி என்பார். ஆனால் அதே முழங்காலோடு தினமும் காலையில் அந்தச் சன்னலடிக்குப் போய், பனியைத் தள்ளிவிட்டு, கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்ச மூளையும் உறைந்துவிடப் போகிறது என்று அவள் கேலி செய்வாள். அவர் சிரித்ததில்லை.

மார்ச்சில் முளைகள் தலைகாட்டின. அவள் தினமும் எண்ணினாள். ஐந்து. எட்டு. பதினொன்று வந்த அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் பன்னிரண்டு.

வரிசையை விட்டுச் சற்றுத் தள்ளி, தன்னந்தனியாக ஒரு பச்சை முளை. வெலிக்கா வேலியோரம் ஓடினாள். ரூஸ்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ரூஸ்கா மூன்று தடவை எண்ணினாள், மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நீ நட்டது பதினொண்ணுதான்க்கா, நானே பாத்தேன். இது யாரும் நட்டது இல்ல. கீழ இருந்து வந்தது."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

டோப்ரியிடம் போய்ச் சொன்னாள். கிழங்கு குட்டி போட்டிருக்கும், அதற்கென்ன இப்போது என்றார். தோட்டத்தில் திராட்சைக் கொடியை நறுக்க வேண்டும் என்று கத்தரியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்றார்.

"அதத் தொடாத புள்ள. சொன்னா கேளு."

அவர் தலை மறைந்ததும் வெலிக்கா மண்வெட்டியை எடுத்தாள். பயத்தோடு கோபமும் வந்தது.

"எம்புள்ள உசிரோட இருக்கான்" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு எதுக்கு பன்னெண்டு?"

அந்த இடத்தில் மட்டும் மண் பொலபொலவென்று இருந்தது. அவள் நட்ட ஆழத்தைவிட ஆழமாகத் தோண்டிய மண். கிழங்கோடு முளை கையில் வந்தது. அடியில் ஏதோ 'டங்'கென்று இடித்தது. புகையிலை டப்பா. எங்கேயோ தொலைந்துவிட்டது என்று குளிர்காலம் முழுக்க டோப்ரி சொல்லிக்கொண்டிருந்த அதே டப்பா.

உள்ளே லூபென் சின்ன வயதில் ஊதிக்கொண்டு திரிந்த மர விசில். அதைச் சுற்றி மடித்து வைத்த ஒரு தாள். கப்பல் ஆபீஸின் முத்திரை. கப்பல் மூழ்கியது, மாலுமிகள் ஒருவரும் பிழைக்கவில்லை, உடல்கள் கிடைக்கவில்லை என்று நாலே வரி.

மேலே தேதி இருந்தது. டோப்ரி கிழங்கு வாங்கி வந்த அதே நாள். கடைக்காரி கூடுதலாக ஒன்றும் போட்டிருக்கவில்லை.