இரண்டாம் தட்டுக்குத் தளிரிலை

பாலோ ஊரின் பட்டுப்புழு ஆய்வுக்கூடத்து மேசையில் காலை வெயில் இரண்டு தட்டுகளின்மேல் விழுகிறது. முதல் தட்டில் ஐம்பது பட்டுப்புழுக்கள் மல்பெரி இலையை மெல்லும் சத்தம் தகரக் கூரையில் அடைமழை; மெர்சிங் கடற்கரை மீனவர்களே வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு ஓடிவரலாம். இரண்டாம் தட்டில் சத்தமே இல்லை. இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்க உதவும் மரபணுவை இந்தத் தட்டின் ஐம்பது புழுக்களிலும் ஆய்வாளர் சுபத்திரா அடக்கி வைத்திருக்கிறாள். இரண்டு தட்டுக்கும் ஒரே கிருமியை, ஒரே அளவில் ஏற்றி நான்கு நாளாகிறது. கொழுப்பு சுமக்க உதவும் மரபணுதான் கிருமியையும் தடுக்கிறது என்பது அவளுடைய மூன்று வருட வாதம். இப்போது இரண்டாம் தட்டில் நாற்பத்தாறு கறுத்துச் செத்துக் கிடக்கின்றன. வாதம் ஜெயித்த பூரிப்பில் அவள் பேனாவைத் திறக்கிறாள். இலை போடும் வெள்ளையம்மா மெல்லக் கனைக்கிறாள். “கோவிச்சுக்காத சுபா. சீக்காளிங்க பாவம்னு தளிரெல்லாம் இதுங்களுக்கே போட்டேன். முத்தின இலைய அந்த மொதத் தட்டுக்குத் தள்ளிட்டேன்.” “அலமாக்! ரெண்டுக்கும் ஒரே இலைன்னு எத்தன தடவ சொன்னேன்கா!” அந்த அலறலில் எங்கோ தூரத்து உலு திராமில் ஒரு பஸ்ஸாவது பிரேக் போட்டிருக்கும். “நல்லா விருந்து வச்சும் பொழைக்கலையே லா,” என்று வெள்ளையம்மா துப்பட்டாவால் கண்ணைத் துடைக்கிறாள். சுபத்திராவுக்குக் கோபத்தின் நடுவே சிரிப்பு வருகிறது. வாதம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இலை வேறுபட்டதால் இந்தக் கணக்கு செல்லாது. ‘மறுபடி முதலிலிருந்து’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, இலைக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.