கரையில் நின்றவர்

"விடுய்யா! என் பொண்ணு போறாய்யா! விடு!"

வெங்கடேசன் திமிறினான். காசிநாதன் விடவில்லை. பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, ஈர மணலில் காலை ஊன்றி நின்றார்.

எதிரே கடலில் சுவேதாவின் மஞ்சள் சட்டை ஓர் அலைக்கு மேலே தெரிந்தது. அடுத்த அலையில் தெரியவில்லை.

பதினோரு வயது. ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று மறைமலைநகரிலிருந்து மாமல்லபுரம் வந்தவர்கள். கூட்டம் இல்லாத இடமாக இருக்கட்டும் என்று, ஊரைத் தாண்டி இந்த மீனவர் குப்பத்துப் பக்கம் வண்டியை நிறுத்தியது வெங்கடேசன்தான். பிள்ளை கணுக்கால் தண்ணீரில்தான் நின்றாள். காலடி மணல் சரிந்தது. அவ்வளவுதான்.

"நீங்க போங்கய்யா! உங்களுக்குத்தான் கடல் தெரியும்!" அவன் மனைவி பிரபா காசிநாதனின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் வறுத்த மீன் விற்கிற குப்பம்மா அவரைக் கைகாட்டிச் சொல்லியிருந்தாள். "தோ போறாரு பாரு காசிநாதன், இந்தக் கடல்ல முழுவுன பதினேழு பேர இழுத்தாந்து போட்டவரு. அவரப் பாத்துதான் எங்க குப்பத்துப் புள்ளைங்க நாலு பேரு கடலோரக் காவல் வேலைக்கே போயிக்கீதுங்க."

அந்தக் காசிநாதன் தண்ணீரில் காலே வைக்கவில்லை.

அலை பிள்ளையை அடித்துக்கொண்டு போனதும் ஓடி வந்தார். கடலை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு விரலை வாயில் வைத்து வடக்குப் பக்கமாக மூன்று முறை விசிலடித்தார். கையை வீசிக் கடலைக் காட்டினார். பிறகு, பாய்ந்து போன வெங்கடேசனைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எறங்கினா ரெண்டு பொணம். அசையாத."

"அப்ப நீ எறங்குய்யா!"

"இங்கேர்ந்து போனா எட்டிப் புடிக்க முடியாது. தண்ணி மொதல்ல உள்ள இழுக்கும், அப்பால வடக்க தள்ளும். பாறைக்கு நேரா வரும். அங்கேர்ந்து ஆள் எறங்கியாச்சு. தோ பாரு."

தூரத்தில், கறுப்புப் பாறைகளுக்கு அப்பால், ஒரு தலை அலையை வெட்டிக்கொண்டு போனது. பின்னால் நீளமாக ஒரு ஜடை.

"பொண்ணு மாதிரி இருக்கே?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஒரு சின்னப் பொண்ண உள்ள அனுப்பிட்டு, ஆம்பள கரையில நிக்கிறாரு பாருங்க" என்றார், போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த இன்னொருவர். "பேரெல்லாம் பெரிய பேரு."

இரண்டு பேர் ஃபைபர் போட்டைத் தள்ளினார்கள். அலை அதைத் திருப்பித் திருப்பிக் கரையிலேயே போட்டது.

வெங்கடேசன் முழங்கையால் பின்னுக்கு இடித்தான். காசிநாதனின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பிடி தளரவில்லை. ஆனால் அந்தக் கைகள் நடுங்குவது வெங்கடேசனுக்குத் தெரிந்தது.

"நடுங்குதா? உன் உசிரு மட்டும் வெல்லமா? யாரோ பெத்த பொண்ணுன்னா கடல்ல தள்ளிடுவியா?"

காசிநாதன் கண்ணை எடுக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தப் பெரிய அலை எழுந்தது. பனைமர உயரம் என்று பிற்பாடு சொன்னார்கள். அவ்வளவு இருக்காது. ஆனால் அது விழுந்து நுரை கலைந்தபோது, மஞ்சள் சட்டையும் இல்லை. ஜடையும் இல்லை.

கூட்டம் அடங்கிப் போனது.

இன்னொரு அலை வந்தது. போனது. தண்ணீர் மட்டும் இருந்தது.

காசிநாதனின் பிடி இறுகியது. வெங்கடேசனுக்கு மூச்சு முட்டியது. காதுக்குப் பக்கத்தில் அவருடைய முணுமுணுப்பு கேட்டது.

"மேல வா... மேல வா தாயி... மேல வந்துடு..."

வெங்கடேசன் திமிறுவதை நிறுத்திவிட்டான். இரண்டு பேருமாக மணலில் சரிந்தார்கள்.

"தோ!" என்று அலறினாள் குப்பம்மா.

பாறைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி. அதை ஒட்டி மஞ்சளாக ஏதோ. கரையிலிருந்த நாலைந்து பேர் கயிற்றோடு பாறைமேல் ஓடினார்கள்.

காசிநாதனின் கைகள் தாமாகவே கழன்று விழுந்தன. வெங்கடேசன் எழுந்து ஓடினான். விழுந்தான். மறுபடி ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது சுவேதாவைக் குப்புறப் பிடித்திருந்தார்கள். கடல் தண்ணீரை வாந்தியெடுத்தாள். இருமினாள். பிறகு, "அம்மா" என்று ஈனமாக அழுதாள். பின்னாலேயே ஓடி வந்த பிரபா அவளை அள்ளிக்கொண்டாள்.

பக்கத்தில் அந்தப் பெண் மல்லாந்து கிடந்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். பாறை கிழித்து முழங்கால் இரண்டிலும் ரத்தம்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா, கொழந்தைய மொதல்ல ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போங்க" என்றாள் பிரபாவிடம். யாரோ ஆட்டோவைக் கொண்டுவர ஓடினார்கள்.

வெங்கடேசன் அவள் முன்னால் மண்டியிட்டான். கும்பிட்ட கைகளை இறக்கத் தெரியவில்லை.

"உன் பேரு என்னம்மா?"

"யோகேஸ்வரி."

"உன்னைப் பெத்தவங்க எங்கம்மா இருக்காங்க? நான் அவங்க கால்ல விழணும். யாரோ சொன்னாங்கன்னு உன்னை இந்தக் கடல்ல..."

அவள் மூச்சு வாங்கியபடி அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். தூரத்தில், சரிந்த இடத்திலேயே காசிநாதன் உட்கார்ந்திருந்தார். முகத்தை இரண்டு கைகளாலும் மூடியிருந்தார். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

"இம்மாம் நேரம் உங்கள புடிச்சிகினு இருந்தாரே சார்," என்றாள். "அவருதான் எங்க நைனா."